நான் நீக்கிய ரெங்கநாயகி

1

இந்த ஊரில் எனக்கு என் அப்பாவின் பெயர். பல் டாக்டரிடம், வங்கியில், நூலகத்தில், எங்கே போனாலும் "ரெங்கராஜன்!" என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெண் எழுந்து போவாள், அது நான். நோர்வேயில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பெர்கனுக்கு வந்த முதல் வாரத்தில் படிவத்தின் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தானே 'ரெங்கராஜன்' என்று நிரப்பிக்கொண்டார். அதே முறையில் என் கணவர் சௌந்தருக்கு அவருடைய அப்பா பெயர், மகள் நிலாவுக்குச் சௌந்தரின் பெயர். ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர். நிலாவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானே?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள்.

பதினேழு வருஷம் ஆகிவிட்டது. மழை பழகிவிட்டது, மொழி இன்னும் முழுதாகப் பழகவில்லை. 'தேடு' என்பதற்கு இங்கே 'லேத்தே'. 'அழி' என்பதற்கு 'ஸ்லெத்தே'. ஒருமுறை ஆபீசில், "அந்தப் பயணியை இரண்டு நாளாக அழித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் ஒரு பஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எந்தப் பஸ் எந்த நேரத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இது ஒரு வேலையா என்று சந்தேகம் உண்டு.

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஒரு சனிக்கிழமை. போன வருஷம் இதே வாரத்தில் வந்தது. அன்று காலை ஆறரையிலிருந்து பத்தரை வரைக்கும் நான் பட்ட பாட்டை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நல்லபடியாக முடிந்துவிட்டதால் இப்போது சொல்ல முடிகிறது.

2

மும்தாஜும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரியில் கணக்கு படித்தோம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன், அவள் உறையூரிலிருந்து. நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். அவள் அங்கேயே இருந்தாள். அவளைப் பெற்ற அத்தா கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்க வீட்டுக்கு வர ஒரு நர்ஸ் கிடைக்காமல் அவள் அலைந்திருக்கிறாள். அவர் போன பிறகு, அப்படிப் படுத்திருக்கிறவர்களின் வீடு தேடிப் போக ஒரு சின்ன அமைப்பைத் தொடங்கினாள். நாலு நர்ஸ், நாலு ஸ்கூட்டி. புண் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலிக்கு மருந்து கொடுப்பது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித் தருவது. யாரிடமும் காசு வாங்குவதில்லை.

பல வருஷம் நோட்டுப் புத்தகத்தில்தான் எல்லாம் எழுதினார்கள். பிறகு கம்ப்யூட்டரில் யார் யாரோ தட்டினார்கள். ஒரே ஆள் மூன்று வரிசையில் இருப்பார், ஒருவரே ஓரிடத்தில் 'முகமது' என்றும் இன்னோரிடத்தில் 'முகம்மது' என்றும் இருப்பார். போன வருஷம் நன்கொடை தருகிற இடத்தில், "உண்மையில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். மும்தாஜால் பதில் சொல்ல முடியவில்லை.

"உனக்குத்தான் லிஸ்ட் போடுறது கைவந்த கலையாச்சே. கொஞ்சம் பண்ணிக் குடேன்டி" என்றாள்.

சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஊருக்கு எதையாவது செய்ய முடிகிறதே என்று இருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பட்டியலைச் சுத்தம் செய்து, நர்ஸ்களின் போனில் வருகிற மாதிரி ஒன்றைச் செய்தேன். காலையில் திறந்தால் அன்றைக்குப் போக வேண்டிய வீடுகள் வழி வாரியாக வரும். பார்த்து முடித்ததும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் போனால் அலைச்சல் குறையும் என்றும் கணக்குப் போட்டு மாற்றினேன். ஸ்டெல்லா என்ற நர்ஸுக்கு வீடு அரியமங்கலத்தில். அவளை உறையூரிலிருந்து எடுத்து அரியமங்கலம் பக்கமே போட்டேன்.

அதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நர்ஸும் நாளைக்கு இரண்டு வீடு கூடுதலாகப் பார்த்தார்கள். புதிதாகக் கேட்டு வருகிறவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தது நின்றது. மும்தாஜ் போனில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். நானும் கொஞ்சம் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

3

பழைய பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. நர்ஸ்கள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்தது. 'நாய் இருக்கு, கேட்டில் நின்று கூப்பிடணும்.' 'மாடிப்படி செங்குத்து.' 'பேரன் பேர் சொன்னால் சிரிப்பார்.' ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். எதையும் எண்ண முடியாது, வரிசைப்படுத்த முடியாது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதை நீக்க ஒரு விதி வைத்தேன். பெயர், தெரு, போன் நம்பர் மூன்றும் ஒன்றாக இருந்து, வயதில் ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தால், அது ஒரே ஆள். உறையூரில் நாச்சியார் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் ஆர். ரெங்கநாயகி, வயது அறுபத்தேழு. அதே தெரு, அதே போன், ஆர். ரெங்கநாயகி, வயது அறுபத்தெட்டு. ஒன்றை நீக்கினேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். என் வகுப்பில் மட்டும் ரெங்கநாயகிகள் நாலு பேர். கண்ணாடி ரெங்கநாயகி, சித்திரை வீதி ரெங்கநாயகி, பாட்டு ரெங்கநாயகி, வெறும் ரெங்கநாயகி என்று டீச்சரே பிரித்துத்தான் கூப்பிடுவார். எங்கள் வீதியில் "ரெங்கா!" என்று ஒரு குரல் கொடுத்தால் ஆறு வீட்டில் தலை நீளும். அப்பா ரெங்கராஜன், சித்தப்பா ரெங்கநாதன், எதிர் அகத்து மாமா ரெங்கசாமி. பெருமாள் பெயரையும் தாயார் பெயரையும் விட்டால் வேறு பெயரே இல்லையா என்று சௌந்தர் கேலி செய்வார். அந்த ஊர்க்காரிதான், ஒரே தெருவில் இரண்டு ரெங்கநாயகி இருக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, அந்த நம்பரில் வேறு யாரும் இருக்க முடியாத ஒரு நாட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டால் புத்தி அப்படிப் போகிறது.

4

ஏழு வாரம் கழித்து, அந்தச் சனிக்கிழமை, உறையூர்ப் பக்கம் போகிற புது நர்ஸுக்குக் காய்ச்சல். ஸ்டெல்லா அவளுக்குப் பதிலாகத் தன் பழைய வழியில் போயிருக்கிறாள். திருச்சியில் காலை பத்து மணி, எனக்கு ஆறரை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ் கூப்பிட்டாள்.

"வைதேகி, உறையூர் லிஸ்ட்ல ரெங்கநாயகின்னு எத்தனை பேர்டி?"

"ஒருத்தர்தான். ஏன்?"

"ரெண்டு பேருங்கறா ஸ்டெல்லா. கீழ் முனையில ஒருத்தங்க, மேல் முனையில ஒருத்தங்க. போன்ல ஒருத்தங்கதான் வர்றாங்க, மேல் முனை அம்மா தவறிட்டாங்களான்னு கேக்கறா."

அவர்களுடைய பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போனால் அதற்கு அர்த்தம் அதுதான். நான் வாய் கொப்பளிக்காமலே ஓடிப் போய்ப் பழைய பட்டியலைத் திறந்தேன். இரண்டு வரிசையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டாவதுக்கு எதிரே என் கையால் தட்டிய 'ரிபீட்'.

"நான்தான்டி எடுத்தேன். ஒரே ஆளுன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

அந்த அம்மாவுக்கு என்ன என்று பட்டியலிலேயே இருந்தது. பக்கவாதம், எழுந்து நடக்க முடியாது. சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடைத்துக்கொள்ளும், கிருமி ஏறும், காய்ச்சல் வரும். ஏழு வாரம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவறதை அப்புறம் வச்சுக்க" என்றாள் மும்தாஜ். அவள் குரலும் சரியாக இல்லை. "அந்தப் போன் நம்பரைச் சொல்லு."

அது அந்தத் தெருவில் இருக்கிற தையல்கடைக்காரரின் நம்பர். இரண்டு வீட்டிலும் போன் இல்லாததால் இரண்டு பேருமே அதைக் கொடுத்திருக்கிறார்கள். மும்தாஜ் என்னையும் சேர்த்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். ரெங்கநாயகி அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"எந்த ரெங்கநாயகிங்க? கீழ் முனையா, மேல் முனையா?"

"மேல் முனை."

"அவங்களை நாலஞ்சு நாளைக்கு முன்னாடி ஆட்டோல ஏத்திட்டுப் போனாங்களே. ரொம்ப முடியல. நல்ல காய்ச்சல்."

"எங்க கூட்டிட்டுப் போனாங்க?"

"தெரியலைங்க. வீடு பூட்டிக் கெடக்கு." அவரே தொடர்ந்தார்: "நானே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேனே. நர்ஸ் வரலைன்னு அவங்க வீட்டுக்காரர் பண்ணச் சொன்னாரு. ஒரு மேடம் எடுத்துப் பார்த்துட்டு, ரெங்கநாயகி அம்மா பேர் இருக்கு, போன வாரம்கூட நர்ஸ் வந்துட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. சரி, அவருக்குத்தான் ஞாபகம் இல்லபோலன்னு நான் விட்டுட்டேன்."

அவர் போனை வைத்த பிறகு மும்தாஜ் மெதுவாகச் சொன்னாள். "அந்த மேடம் நான்தான்டி. பச்சையா இருந்துச்சு. பார்த்துட்டுச் சொன்னேன்."

கீழ் முனை ரெங்கநாயகிக்கு விழுந்த பச்சை அது. அதை நம்பி மேல் முனைக்காரருக்குப் பதில் போயிருக்கிறது.

ஸ்டெல்லா அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். பூட்டு. பக்கத்து வீட்டில், "மக வந்து கூட்டிட்டுப் போனா" என்றார்கள். மகள் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிக்கிறேன் என்று மும்தாஜ் கிளம்பினாள். அங்கே ரெங்கநாயகி என்று கேட்டால் எத்தனை பேர் வருவார்களோ.

"வைதேகிக்கா" என்றாள் ஸ்டெல்லா போனில், "மகள் எந்த ஊருன்னு நான் எழுதி வச்சிருக்கேன்க்கா. ஒரு தடவை கேட்டுக் குறிப்புல போட்டேன். எந்த மாசம்னு ஞாபகம் வரல. இப்ப போன்ல அந்தக் குறிப்பே வர மாட்டேங்குதே."

5

பழையதை நான் முழுதாக அழித்திருக்கவில்லை. ஒரு பிரதி வைத்திருந்தேன். ஆனால் குறிப்புகள் எல்லாம் அந்தந்த மாதத்து வருகைப் பதிவோடு, கம்ப்யூட்டரில் மாதத்துக்கு ஒரு தாளாகத் தனித்தனியாகக் கிடந்தன. மூன்று வருஷத்துக் குறிப்புகள். ரெங்கநாயகி என்று தேடினால் வராது. ஒருத்தி 'ரங்கநாயகி' என்று போட்டிருப்பாள், ஒருத்தி 'ரெங்காம்மா', ஒருத்தி 'மேல்முனை பாட்டி'. கண்ணால் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

நிலா எழுந்து வந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். தமிழ்ப் பள்ளிக்கு மூன்று வருஷம் கூட்டிப் போனேன், எழுத்து தங்கவில்லை. அதற்காக நாங்கள் சண்டை போட்டுச் சண்டை போட்டு, இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும், நான் செய்த தப்பு உட்பட.

அவள் திரையைப் பார்த்தாள். "இது இங்கிலீஷ் எழுத்துதானே. எனக்குப் படிக்க வரும்" என்று தன் கணினியை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் பாதி எனக்கு, பாதி அவளுக்கு.

புரிந்ததைத் தானே விட்டுவிட்டு, புரியாததை வாய்விட்டுப் படித்தாள். "மா-டிப்-படி செங்-குத்து. அப்டின்னா?" "படி நெட்டுக்குத்தா இருக்கும்." "மரு-மக-ளுக்கு வா-யே கிடை-யாது. அவங்களுக்கு வாய் இல்லையா?" எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "அதிகம் பேச மாட்டாங்கன்னு அர்த்தம்." பாதிக்கு மேல் தாண்டியிருப்போம். அவள் நிறுத்தினாள்.

"ரெங்கா அம்மா மேல் முனை. தாத்தா கோவக்-காரர். ஆனா நல்-லவர். மகள் மண்-ணச்ச-நல்லூர். மரு-மகன் தன-பால், ரைஸ் மில் லாரி." தலையைத் தூக்கினாள். "மண்ணச்சநல்லூர்னா ஊரா, ஆளா?"

நான் அதற்குள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் ஒன்றிரண்டா இருக்கிறது! ஸ்டெல்லா ஸ்கூட்டியில் கிளம்பினாள். நான் அவளோடு மனசுக்குள் போனேன். காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்காவல், கொள்ளிடம், டோல்கேட். எத்தனையோ தடவை பஸ்ஸில் போன வழி. அன்றைக்கு அந்த வழி முடிகிற மாதிரியே இல்லை. நிலா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஆறிப் போய் ஆடை கட்டியது.

முதல் மில்லில் தனபால் என்று யாரும் இல்லை. இரண்டாவதில் இருந்த தனபால் கல்யாணமாகாத பையன். மூன்றாவது மில்லில், "லாரி தனபாலா? வீடு பின்னாடிதான். மாமியாரை ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்களே" என்றார்களாம். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் ஸ்டெல்லாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

பத்தரைக்கு வீடியோ அழைப்பு வந்தது. ஒரு கட்டில். அதில் தலையணையில் சாய்ந்து, மகள் ஊட்ட, ஒரு அம்மா ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த முகம், பெரிய பொட்டு. போனைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

நிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

6

நடந்தது இதுதான். நர்ஸ் வராமல் போன பிறகு அந்த அம்மாவின் கணவர் ரெங்கசாமி தனக்குத் தெரிந்த மட்டும் சமாளித்திருக்கிறார். குழாய் அடைத்துக் காய்ச்சல் கண்டதும் மகளுக்குச் சொல்லி அனுப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே குழாயை மாற்றி, ஊசி போட்டு, மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம்.

ஸ்டெல்லாவைப் பார்த்ததும் ரெங்கசாமி எழுந்து கையைக் கூப்பினாராம். "சிஸ்டர், கடைசியா நீங்க வந்தப்ப பிளாஸ்டரைப் பிரிக்கையில இவளுக்கு வலிச்சிச்சு. நான் உங்களைத் திட்டிட்டேன். அதனாலதான் யாரும் வரலைன்னு நினைச்சேன். எம்மேல இருந்த கோவத்துக்கு இவளை விட்டுட்டீங்களேன்னு..." என்றிருக்கிறார். ஸ்டெல்லாவுக்கு அந்தத் திட்டே நினைவில்லை. அவர் ஏழு வாரமும் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். தப்பு செய்தது நான். தூங்காமல் இருந்தது அவர்.

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினோம். ஆளுக்கு ஒரு அட்டை, அதில் ஒரு நம்பர், வீட்டு அடையாளம், கூட இருக்கிறவர் பெயர். குறிப்புப் பத்தி திரும்பி வந்தது. இப்போது நர்ஸ் போனில் முதலில் தெரிவதே அதுதான். ஸ்டெல்லா பழையபடி உறையூர்ப் பக்கத்துக்கே வந்தாள். நேரில் போய்ப் பார்த்த நர்ஸ் சொல்லாமல் எந்தப் பெயரையும் யாரும் எடுக்க முடியாது, நான் உட்பட. யாராவது போன் செய்து நர்ஸ் வரவில்லை என்றால், பச்சையைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது, ஆள் போக வேண்டும் என்று மும்தாஜ் ஒரு தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினாள். பட்டியல் முழுவதையும் மறுபடி சரிபார்த்தோம். நான் அப்படி நீக்கியவர்களில் இன்னும் ஒருவரும் உண்மையில் வேறு ஆள்தான். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர். அவருக்கு நல்ல வேளையாகக் கால் புண் ஆறி, வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "நான்தான் குணமாயிட்டேனே, எதுக்கு வந்தீங்க?" என்றாராம். மும்தாஜ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். "தப்பு பண்ணிட்டுப் பாதியில போறதுக்கா? உக்காந்து செய்டி" என்றாள்.

ரெங்கநாயகி அம்மா உறையூருக்குத் திரும்பிய பிறகு, ஸ்டெல்லா போனில் வீடியோ வழியாக நானே அவரிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளாக என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

"நீங்கதான் என்னை கம்ப்யூட்டர்லேருந்து தூக்கினவங்களா?" என்றார் அவர்.

"ஆமாம்மா. மன்னிச்சுருங்க. உங்க பேர் ரெண்டு தடவை இருந்துச்சு, ஒரே ஆளுன்னு..."

"நீங்க எந்த ஊரு?"

"ஸ்ரீரங்கம்மா."

"ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டா? அங்க ரெங்கநாயகிக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்திருந்த வாய் மறுபக்கம் மட்டும் சிரித்தது. பிறகு அவர் கேட்டார்:

"சரி, இப்ப இருக்கேனா?"

"இருக்கீங்கம்மா."

"பார்த்துச் சொல்லுங்க."

திறந்து பார்த்தேன். வாய்விட்டுப் படித்தேன். "ரெங்கநாயகி. மேல் முனை, வேப்பமரத்து வீடு. கூட இருப்பவர் கணவர் ரெங்கசாமி. மகள் மண்ணச்சநல்லூர். அடுத்து செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா."

"காலையில வேணாம். செவ்வாய்க்கிழமை அவரு எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற நாளு. பதினோரு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.